முதல் பத்து ரிங்கிட் உறுப்பினருடையது: தோட்டப்புற இளைஞர் மன்றங்களுக்கு ஒரு நிதி வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் இளைஞர் மன்றங்கள் பெரும்பாலும் ஒரு நன்கொடைக் கடிதத்தோடு பிறக்கின்றன. பெயர் வைத்து, சின்னம் வரைந்து, டி-சட்டைக்கு நிறம் முடிவு செய்த கையோடு கடைத்தெரு முதலாளிகளுக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் கடிதம் போய்விடுகிறது. அதற்குள் உறுப்பினர்கள் தங்கள் பையிலிருந்து பத்து ரிங்கிட்கூட எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். ஆண்டு முழுவதும் என்ன செய்யப் போகிறோம், அதற்கு எவ்வளவு ஆகும் என்ற கணக்கும் இருக்காது. அனுபவமுள்ள முதலாளி கடிதத்தைப் படித்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, நீங்கள் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்?" என்பதுதான்.

அந்தக் கேள்விக்கு நிமிர்ந்து நின்று பதில் சொல்ல விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் ஊரில் இதற்கு முன்மாதிரி உண்டு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்று, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கிக்கொண்டிருந்த காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும் அன்றைய அமைச்சருமான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில்தான் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. ஒரு தோட்டத்தையே வாங்க முடிந்த அந்த வழி, ஒரு பொங்கல் விழாவுக்கும் ஒரு கல்வி வகுப்புக்கும் தாராளமாகப் போதும்.

முதலில் பதிவு, பிறகு பணம்

பணத்தைத் தொடுவதற்கு முன் மன்றம் சட்டப்படி இருக்க வேண்டும். 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டப்படி, ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து நடத்தும் அமைப்பு சங்கங்களின் பதிவிலாகாவில் பதிவு பெற வேண்டும். இளைஞர் அமைப்பாகவே பதிய விரும்பினால் 2007ஆம் ஆண்டின் இளைஞர் சங்கங்கள் மற்றும் இளைஞர் மேம்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அதற்கான பதிவாளர் இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சின்கீழ் இயங்குகிறார். வயது வரம்பு உள்ளிட்ட நிபந்தனைகளை விண்ணப்பிக்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புதிதாகப் பதிவு செய்யக் காத்திருக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. தமிழ் இளைஞர் மணிமன்றம், மலேசிய இந்து சங்கம் போன்ற ஏற்கெனவே பதிவு பெற்ற அமைப்புகளின் கிளையாகச் சேரலாம். பத்துப் பதினைந்து பேர் மட்டுமே உள்ள மன்றத்துக்கு முதல் சில ஆண்டுகளுக்கு இதுவே நல்லது என்பது என் கருத்து. விதிமுறை, கணக்கு முறை, மூத்தவர்களின் துணை எல்லாம் ஒன்றாகவே கிடைத்துவிடும்.

பதிவுச் சான்றிதழ் கையில் வந்ததும் மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறக்க வேண்டும். வங்கி பொதுவாகக் கேட்பவை சான்றிதழ், விதிமுறைகள், கணக்கு திறக்க முடிவெடுத்த கூட்டக் குறிப்பு, கையெழுத்திடுவோரின் அடையாள அட்டைகள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் வெளியே போகும் என்று ஏற்பாடு செய்யுங்கள். ஒரே வீட்டைச் சேர்ந்த இருவர் அந்த மூவரில் இருக்க வேண்டாம். தோட்டத்தில் எல்லாரும் எல்லாருக்கும் மாமன் மச்சான்தான். ஆனாலும் ஒரே கூரையின்கீழ் இரண்டு கையெழுத்து இருந்தால் ஊர் பேசத்தான் செய்யும்.

கைப்பேசிவழிப் பணம் பெற உதவும் டூயிட்நவ் கியூஆர் குறியீடும் மன்றக் கணக்குக்கே எடுக்க வேண்டும். பொருளாளரின் சொந்த மின்பணப்பைக்கு நன்கொடை வாங்குவதை முதல் நாளிலிருந்தே தவிர்த்துவிடுங்கள். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சரி, அந்தப் பணம் அவருடைய மளிகைச் செலவோடு கலந்துவிட்ட பிறகு அவர் நேர்மையை நிரூபிக்க அவருக்கே வழி இருக்காது.

செலவை முதலில் எழுதுங்கள்

வரவு செலவுத் திட்டம் என்றதும் பலர் வரவிலிருந்து தொடங்குகிறார்கள். செலவிலிருந்து தொடங்குங்கள். எல்லா உறுப்பினர்களும் உட்கார்ந்து, இந்த ஆண்டு கட்டாயம் நடக்க வேண்டியவை எவை என்று பேசி, மூன்று நடவடிக்கைகளுக்கு மேல் எடுக்காமல் நிறுத்துங்கள். முதல் ஆண்டில் ஏழெட்டுத் திட்டம் போடும் மன்றம் மூன்றாவது திட்டத்திலேயே களைத்துவிடும்.

24 உறுப்பினர்கள் உள்ள ஒரு மன்றத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அவர்கள் பொங்கல் விளையாட்டுப் போட்டி, எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) மாணவர்களுக்கு வகுப்பு, இரண்டு நாள் முகாம் என்று முடிவு செய்கிறார்கள்.

பொங்கல் போட்டிக்குக் கூடாரம், ஒலிபெருக்கி, பரிசு, பானை, கரும்பு எல்லாம் சேர்த்து 1,200 ரிங்கிட். வகுப்புக்கு வாரம் இரண்டு ஆசிரியர்கள், ஒருவருக்கு 40 ரிங்கிட் வீதம் 20 வாரத்துக்கு 1,600. பயிற்சித்தாள் அச்சிட 300. முகாமுக்கு 30 பேர், தலைக்கு 55 வீதம் 1,650. கூட்டச் செலவு, ரசீதுப் புத்தகம், அச்சு, ஆண்டுக்கூட்டத் தேநீர் 250. மொத்தம் 5,000. இதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 500 ரிங்கிட், கையிருப்பாக ஒதுக்க வேண்டும். மழை பெய்து போட்டி தள்ளிப்போனால் கூடாரத்துக்கு இரண்டு முறை வாடகை கொடுக்க வேண்டிவரும். அந்த நாளுக்குத்தான் இந்தப் பணம். ஆக, தேவை 5,500.

ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு விலை விசாரிப்பு இருக்க வேண்டும். கூடார வாடகையை இரண்டு இடங்களில் கேளுங்கள். முகாம் நடத்தும் இடத்தில் சாப்பாட்டோடு சேர்த்து என்ன விலை, சாப்பாடில்லாமல் என்ன விலை என்று கேளுங்கள். "சும்மா ஆயிரம் போட்டு வைப்போம்" என்று யாராவது சொன்னால், அந்த ஆயிரத்தைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

சந்தா

இப்போது வரவு. அதில் முதல் வரி உறுப்பினர் சந்தாவாகவே இருக்கட்டும்.

எவ்வளவு வைப்பது? நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். தோட்டத்தில் ஒருவர் மட்டும் வேலை செய்யும் குடும்பத்தில் அதற்குள் வீட்டுச் செலவு, பள்ளிச் செலவு, மோட்டார் சைக்கிள் தவணை எல்லாம் அடங்க வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளையிடம் மாதம் 20 ரிங்கிட் கேட்பது அவனை வெளியே போகச் சொல்வதற்குச் சமம். வேலை செய்பவர்களுக்கு மாதம் 5 ரிங்கிட், மாணவர்களுக்கு 2 ரிங்கிட் என்றால் பெரும்பாலும் தாங்கும். நம் எடுத்துக்காட்டில் எல்லாரும் வேலை செய்பவர்கள் என்று கொண்டால், 24 பேர், 5 ரிங்கிட், 12 மாதம் என 1,440 வரும். ஆனால் திட்டத்தில் 1,150 என்றுதான் எழுத வேண்டும். எல்லாரும் எல்லா மாதமும் கட்டுவதில்லை. ஐந்தில் நான்கு பங்கு வந்தால் அது நல்ல மன்றம்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். எனவே தோட்டப்புறத்தில் மாதத்தின் 7ஆம் தேதிதான் பணம் நடமாடும் நாள். அதை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை மாதக் கூட்டத்தை வையுங்கள். இருபதாம் தேதிக்கு மேல் சந்தா கேட்டுப் பயனில்லை. ரப்பர்த் தோட்டமாக இருந்தால் இலையுதிர் மாதங்களில் பால் குறையும், மழை நாட்களில் வெட்டு இருக்காது. அந்த மாதங்களில் பாக்கி வைப்பவரைப் பெயர் சொல்லி அழைக்காதீர்கள்.

கட்ட இயலாதவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்கள் யார் என்பது பொருளாளருக்கும் தலைவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். சந்தா பாக்கிப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் சில மன்றங்களில் இருக்கிறது. அது கொடுமை. பாக்கி 15 ரிங்கிட்தான் இருக்கும். அதற்காகக் கூனிக் குறுகிய பிள்ளை மன்றத்தின் பக்கம் மறுபடி வர மாட்டான், அவன் தம்பியும் வர மாட்டான். விலக்கு கொடுப்பதற்கு ஒரு வரி விதிமுறையிலேயே இருந்தால் யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

உழைத்துச் சேர்க்கும் பணம்

தோட்டப்புற நகரத்தில் நன்றாக நடக்கக்கூடியவை என்று நான் கருதுபவை மூன்று: உணவுக் கூப்பன் விற்பனை, தீபாவளி முறுக்கு, பழைய பொருள் சேகரிப்பு. ஃபுட்சால் போட்டியும் பலர் நடத்துகிறார்கள். ஆனால் திடல் வாடகை, நடுவர் கூலி, பரிசுப்பணம் போக மிஞ்சுவது குறைவு. அதை மகிழ்ச்சிக்காக நடத்துங்கள், வருமானத்துக்காக அதை நம்ப வேண்டாம்.

உணவுக் கூப்பனின் பெரிய பலம், சமைப்பதற்கு முன்பே பணம் கைக்கு வருவது. பத்து ரிங்கிட் மதிப்புள்ள கூப்பன் தாளை ஒன்று, இரண்டு ரிங்கிட் கட்டங்களாகப் பிரித்து அச்சிட வேண்டும். விற்பனை நாளன்று வாங்கியவர் அதைக் கொண்டுவந்து நாசி லெமாக், மீ கோரேங், தோசை, வடை, பானம் என்று வேண்டியதை எடுத்துக்கொள்வார். ஒவ்வோர் உறுப்பினரும் 15 தாள் விற்றால் 360 தாள், 3,600 ரிங்கிட். சமையல் பொருள் 2,000, மேசை, கூடாரம், ஐஸ் 200 போக 1,400 மிஞ்சும்.

இதில் கெட்டுப்போகும் இடம் ஒன்றே ஒன்று, கூப்பன் கணக்கு. ஒவ்வொரு தாளுக்கும் வரிசை எண் இருக்க வேண்டும். எந்த எண் முதல் எந்த எண் வரை யார் எடுத்துச் சென்றார் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எடுத்துச் சென்றவர் பணமாகவோ விற்காத தாளாகவோ விற்பனைக்கு மூன்று நாள் முன்பே திருப்பித் தர வேண்டும். அன்றுதான் எத்தனை பேருக்குச் சமைப்பது என்பது தெரியும். "அண்ணன் பிறகு தருகிறேன் என்றார்" என்ற பதிலை ஏற்காதீர்கள். காசு வராத தாள், விற்காத தாள்தான்.

உணவு விற்பனைக்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சுங்கை சிப்புட் வட்டாரம் குவாலா கங்சார் நகராண்மைக் கழகத்தின்கீழ் வருகிறது. உணவைக் கையாளுபவர்களுக்குப் பயிற்சியும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள் சொல்கின்றன. உறுப்பினர்களில் நான்கைந்து பேர் அந்தப் பயிற்சியை முடித்து வைத்திருந்தால் ஒவ்வொரு விற்பனைக்கும் உதவும். தோட்டத் திடலில் நடத்துவதாக இருந்தால் தோட்ட அலுவலகத்தில் மேலாளருக்குக் கடிதம் கொடுத்து, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

முறுக்குக் கணக்கைச் சற்று விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் இதில்தான் பல மன்றங்கள் தங்களை ஏமாற்றிக்கொள்கின்றன. ஒரு போத்தல் முறுக்குக்கு மாவு, எண்ணெய், எரிவாயு 5 ரிங்கிட், போத்தல் 1.50, ஒட்டும் தாள் 30 காசு, பிழிந்து சுடுபவருக்குக் கைக்கூலி 1.70. அடக்கவிலை 8.50. விற்கும் விலை 15. நூற்றைம்பது போத்தல் செய்ய 1,275 ரிங்கிட் செலவாகும். உடைந்ததும் விற்காததும் போக 145 போத்தல் விற்றால் 2,175 வரும், மிச்சம் 900.

அந்த 1.70 எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். "அம்மாதானே செய்கிறார், அக்காதானே செய்கிறார்" என்பார்கள். விடியற்காலையில் வேலைக்குப் போய்த் திரும்பி, வீட்டுச் சமையலை முடித்து, இரவு பத்து மணிவரை அடுப்பு முன்னால் நிற்கும் பெண்ணின் உழைப்பில் மன்றம் லாபம் காட்டுவது நியாயமாகாது. கூலி கொடுங்கள். அவரே வேண்டாம் என்று சொன்னால், அதை அவர் பெயரில் நன்கொடையாக எழுதி ரசீது கொடுங்கள். மன்றத்துப் பையன்கள் பெட்டி தூக்குவதோடு நிறுத்திக்கொள்ளாமல் மாவு பிசையவும் பாத்திரம் கழுவவும் வரட்டும். பெண்கள் விற்பனையும் கணக்கும் பார்க்கட்டும்.

பழைய நாளிதழ், அட்டைப்பெட்டி, பான டின், பயன்படுத்திய சமையல் எண்ணெய் ஆகியவற்றை மாதம் ஒரு ஞாயிறு வீடு வீடாக எடுத்து விற்பது பெரிய பணம் தராது. மாதம் 50 ரிங்கிட் கிடைத்தால் ஆண்டுக்கு 600. ஆனாலும் இதை விடாதீர்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருந்த குடும்பங்கள் பல இன்று நகரத்துத் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) போய்விட்டன. மாதம் ஒருமுறை அவர்கள் வாசலில் போய் நிற்கும் மன்றத்தை அவர்கள் மறக்க மாட்டார்கள். பணம் கட்ட இயலாத உறுப்பினர்கள் தலைநிமிர்ந்து பங்கெடுக்கும் இடமும் இதுவே.

முகாமில் கலந்துகொள்பவர்கள் ஆளுக்கு 25 ரிங்கிட் கட்டுவதாக வைத்தால் 750. இதுவரை 1,150, 1,400, 900, 600, 750 சேர்ந்து 4,800. தேவைக்கு இன்னும் 700 குறைகிறது.

அந்த 700க்குத்தான் வெளியார்

இப்போது கடிதம் எழுதுங்கள். "எங்கள் ஆண்டுச் செலவு 5,500; நாங்களே 4,800 திரட்டுகிறோம்; 700 குறைகிறது" என்று எழுதி, வரவு செலவுத் திட்டத்தை இணையுங்கள். பணமாகவே கேட்க வேண்டும் என்பதில்லை. மளிகைக்கடைக்காரர் பத்துக் கிலோ அரிசி தருவார், அச்சகத்தார் பயிற்சித்தாளைப் பாதி விலைக்கு அடித்துத் தருவார். அந்தப் பொருளின் மதிப்பையும் கணக்கில் ஏற்றி ரசீது கொடுங்கள்.

தோட்டத்தில் வளர்ந்து, இன்று ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் அண்ணன்மார், அக்காமார்தான் மிக நல்ல ஆதரவாளர்கள். அவர்களிடம் "உங்களால் முடிந்ததை" என்று கேட்காதீர்கள். எஸ்.பி.எம். வகுப்பின் ஒரு வாரச் செலவு 80 ரிங்கிட். ஒரு வாரத்தை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். தன் பணம் எங்கே போகிறது என்று தெரிந்தவர் அடுத்த ஆண்டும் தருவார். அந்த வாரத்தின் வகுப்புப் படத்தை அவருக்கு அனுப்பிவையுங்கள்.

வீடு வீடாகவோ தெருவிலோ பொதுமக்களிடம் பணம் திரட்டுவதை 1947ஆம் ஆண்டின் வீடுதோறும் மற்றும் தெருவோர வசூல் சட்டம் கட்டுப்படுத்துகிறது. உண்டியலோ நன்கொடை அட்டையோ எடுத்துக்கொண்டு இறங்குவதற்கு முன் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் உரிமம் பெறுங்கள். பரிசுக் குலுக்கல் சீட்டுகளுக்கு 1952ஆம் ஆண்டின் லாட்டரிச் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் அதில் இறங்க வேண்டாம். மன்றப் பணத்தைக் கூட்டு, அதாவது ஏலச்சீட்டு, பிடித்துப் பெருக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதற்கு 1971ஆம் ஆண்டிலிருந்தே சட்டத் தடை இருக்கிறது. ஒருவர் ஏலம் எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனால் போவது மன்றத்தின் பெயர்.

பெரிய நிறுவனங்கள் வரிவிலக்கு ரசீது கேட்கும். 1967ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் உள்நாட்டு வருமான வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் மட்டுமே அதைக் கொடுக்க முடியும். புதிய மன்றம் தன்னிடம் அது இல்லை என்று நேராகச் சொல்லிவிடட்டும்.

அரசியல் தலைவர்கள், இந்தியர் மேம்பாட்டுக்கான மித்ரா போன்ற அரசாங்க அமைப்புகள் தரும் ஒதுக்கீட்டை வாங்குவதில் தவறில்லை. அது மக்கள் வரிப்பணம். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். ஒதுக்கீட்டுக்காக உங்கள் திட்டத்தை மாற்றாதீர்கள். ஏற்கெனவே முடிவு செய்த நடவடிக்கைக்குத் துணையாகக் கேளுங்கள். மேடையில் பெரிய மாதிரிக் காசோலையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்ட அன்றே செலவைத் தொடங்காதீர்கள். பணம் வங்கியில் ஏறிய பிறகுதான் அது வரவு. தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழா வசூல் நடக்கும் மாதத்தில் மன்றமும் கை நீட்ட வேண்டாம். கோவில் நிர்வாகத்திடம் தேதி கேட்டுக்கொண்டு அதற்கு முன்னோ பின்னோ போங்கள்.

கணக்கு

ஒரு கனமான கணக்குப் புத்தகம் போதும். தேதி, ரசீது எண், விவரம், வரவு, செலவு, மீதி என்று ஆறு பத்திகள். வாங்கும் ஒவ்வொரு காசுக்கும் நகலுள்ள ரசீது. கொடுக்கும் ஒவ்வொரு காசுக்கும் கடைச்சீட்டு. சீட்டு தராத காய்கறிக் கடையில் வாங்கினால் ஒரு தாளில் எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். விற்பனை நாளில் இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு, அடுத்த வேலை நாளில் முழுத் தொகையையும் வங்கியில் போடுங்கள். அதிலிருந்து எடுத்துச் செலவு செய்துவிட்டு மிச்சத்தைப் போடும் வழக்கம் வேண்டாம். வரவும் செலவும் அப்போதே மறைந்துவிடும். சில்லறைச் செலவுக்குப் பொருளாளர் கையில் 100 ரிங்கிட் இருக்கலாம்.

மாதக் கணக்கை மன்றத்துக்கு மட்டும் காட்டினால் போதாது. மண்டபத்து அறிவிப்புப் பலகையில் ஒரு பக்கத் தாளாக ஒட்டுங்கள்: போன மாத மீதி, வந்தது, போனது, இந்த மாத மீதி. தோட்டத்துப் பெரியவர்கள் நின்று படிப்பார்கள், கேள்வியும் கேட்பார்கள். "ஐஸுக்கு ஏன் நாற்பது ரிங்கிட்?" என்று ஒரு தாத்தா கேட்டால் பொருளாளர் கோபப்படக் கூடாது, சீட்டை எடுத்துக் காட்ட வேண்டும். அடுத்த விற்பனையில் முதல் கூப்பன் வாங்குபவர் அநேகமாக அவராகவே இருப்பார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை திட்டத்தையும் உண்மைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரவு குறைந்திருந்தால் எதைச் சுருக்குவது என்று அப்போதே முடிவெடுங்கள். என்னைக் கேட்டால் முதலில் முகாமைச் சுருக்குவேன், பிறகு பொங்கல் பரிசுகளை. எஸ்.பி.எம். வகுப்பை இடையில் நிறுத்தக் கூடாது. ஜூலையில் நம்பி வந்த மாணவரை செப்டம்பரில் கைவிட எந்த மன்றத்துக்கும் உரிமை இல்லை.

ஆண்டுக்கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே கணக்காய்வாளர்களிடம் புத்தகம், ரசீதுகள், வங்கி அறிக்கை எல்லாவற்றையும் ஒப்படையுங்கள். சங்கங்களின் பதிவிலாகாவில் பதிவு பெற்ற மன்றம் ஆண்டுக்கூட்டம் முடிந்து 60 நாட்களுக்குள் ஆண்டறிக்கையை அனுப்பிவிட வேண்டும். பொருளாளர் மாறினால், பழையவரும் புதியவரும் தலைவர் முன்னிலையில் உட்கார்ந்து கணக்குப் புத்தகம், பயன்படுத்தாத ரசீதுப் புத்தகங்கள், மிச்சக் கூப்பன்கள், சில்லறைப் பணம், கடைச்சீட்டுக் கோப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக் கையெழுத்திட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். அதே வாரத்தில் வங்கிக்குப் போய்க் கையெழுத்துகளையும் மாற்றிவிடுங்கள்; இது தாமதமானால் அடுத்த நடவடிக்கைக்குப் பணம் எடுக்க, வேலை தேடி வெளியூர் போய்விட்ட பழைய பொருளாளரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டிவரும்.